டி.கே. சண்முகம்: பாலர் சபை நடிகரின் வாழ்வும் தன்வரலாறும்

தமிழ்த் தொழில்முறை நாடகக் குழுக்களின் வரலாற்றில் 1918 முதல் 1950 வரையிலான காலத்தைப் பற்றி எழுத முற்படும் எவரும் ஒரு நூலை விலக்கிவிட்டு எழுத இயலாது. அது டி.கே. சண்முகம் எழுதி 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’. சங்கரதாஸ் சுவாமிகளின் இறுதி ஆண்டுகள், பாலர் சபைகளின் அன்றாட ஒழுங்கு, பாட்டு நாடகம் உரைநடை நாடகமாக மாறிய போக்கு, தேசிய இயக்கம் மேடைக்குள் நுழைந்த விதம் ஆகியன பற்றி இன்று வழங்கும் செய்திகளிற் பெரும்பகுதி அந்நூலின் வழியாகவே வந்தது. அதனை மேற்கோள் காட்டாதவர்களும் பல வேளைகளில் அதிலிருந்து எடுத்தவர்களே.

ஒரு காலத்தின் வரலாறு ஒருவரது நினைவைப் பெருமளவு சார்ந்து நிற்கும்போது, அந்த நினைவு எங்கிருந்து பேசுகிறது என்னும் வினா எழுவது இயல்பு. சண்முகம் ஆறு வயதில் நாடகச் சபையில் சேர்க்கப்பட்டவர். பதின்மூன்றாவது வயதிலிருந்து தம் சகோதரர்களுடன் சொந்தமாக ஒரு சபையை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். வேலைக்கு அமர்த்தப்பட்ட சிறுவனாகவும், சிறுவர்களை வேலைக்கு அமர்த்திய சபையின் உரிமையாளருள் ஒருவராகவும் அவர் இருந்திருக்கிறார். இவ்விரு நிலைகளும் அவரது எழுத்தில் எவ்வாறு கலந்துள்ளன என்பதையும், இழிவாகக் கருதப்பட்ட ஒரு தொழிலுக்கு அவர் வாழ்நாளில் எவ்வகையில் மதிப்புத் தேடப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாலர் சபை

சண்முகம் 1912 ஏப்ரல் 26 அன்று பிறந்தார். தந்தை டி.எஸ். கண்ணுசாமிப் பிள்ளை நாடக நடிகர். பெண் வேடம் புனைபவர். அக்கால மேடை வழக்கில் சொன்னால் ‘ஸ்திரீ பார்ட்’. சங்கரன், முத்துசாமி ஆகிய இருவர் மூத்தோர், பகவதி இளையவர். ‘டி.கே.எஸ். சகோதரர்கள்’ எனப் பின்னாளில் அறியப்பட்ட நால்வர் இவர்களே. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பெற்றபோது, கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளுடன் அதில் சேர்ந்தார்.

சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகம் நடத்தும் முறை ஏன் தோன்றியது என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் ஒழுங்கு. சுவாமிகள் முன்னர் சார்ந்திருந்த குழுக்களில் வயதுவந்த நடிகர்கள் எழுதிக்கொடுத்த பாடத்தை மதிப்பதில்லை. மேடையிலேயே ஒருவரையொருவர் வாதத்தில் மடக்குவர். பெயர் பெற்றதும் வேறு குழுவுக்குச் சென்றுவிடுவர். சிறுவர்களோ சொன்னதைச் சொன்னபடி செய்வர். இக்காரணம் உண்மையே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஒழுங்கு என்னும் சொல், ஆசிரியர் எழுதிய பாடத்தின் முழுமையைக் காத்ததோடு, கூலியைப் பற்றிப் பேரம் பேச இயலாத நடிகரையும் உருவாக்கிற்று. பெற்றோருடன் ஏற்பாடு, பையனுக்குச் சோறும் துணியும் கல்வியும் சபையின் பொறுப்பு, சம்பளம் என ஒன்று இருந்தால் அது வீட்டுக்குச் செல்லும். பாலர் சபைகளில் சேர்ந்த சிறுவருட் பலர் வறுமையினாலேயே சேர்ந்தனர். கும்பகோணத்தில் வறுமையில் வாடிய தாய் தம் இரு மகன்களையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்த்த கதை, அவர்களுள் இளையவர் எம்.ஜி. இராமச்சந்திரன் என்பதால் பரவலாக அறியப்பட்டது. அறியப்படாத கதைகள் இதனினும் பல மடங்கு இருந்திருக்க வேண்டும்.

சபைச் சிறுவரின் வாழ்விடம் ‘கம்பெனி வீடு’. ஊருக்கு ஊர் அது மாறும். உள்ளிருக்கும் ஒழுங்கு மாறாது. காலையில் பாட்டுப் பயிற்சி, பின்னர் வசனப் பாடம், அதன்பின் ஒத்திகை. இரவு தொடங்கும் நாடகம் விடியும்வரையிலும் நீளக்கூடும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் வரை பாட்டு எட்டவேண்டும். எனவே நடிகனின் முதன்மையான முதல் குரலே. நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் தடுமாற்றமின்றிப் பாடவல்ல சிறுவனுக்கே இராஜபார்ட் வேடம் கிட்டும்.

அக்குரல் நிலையானதன்று. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் குழந்தையின் தொண்டை உடையும். நாடக உலகம் இதனை ‘மகரக்கட்டு’ என்று வழங்கிற்று. இச்சொல்லைக் கேட்டு அஞ்சாத பாலர் சபை நடிகர் இரார். நேற்றுவரை சபையின் வசூலைத் தாங்கிய குரல், சில மாதங்களில் கரகரத்து, சுருதியில் நில்லாமல் போகும். கட்டு நீங்கிய பின்னர் நல்ல குரல் திரும்புவதும் உண்டு. திரும்பாமற் போவதும் உண்டு. திரும்பாதவன் சிறு வேடத்துக்கோ, பின்பாட்டுக்கோ, திரை இழுக்கும் பணிக்கோ ஒதுங்கினான். அல்லது ஊர் திரும்பினான். பாலர் சபையின் பொருளாதாரம் இந்த உடலியல் நிகழ்வைச் சுற்றியே அமைந்திருந்தது எனலாம். வயதேற வயதேற மதிப்புக் கூடும் தொழில்கள் பல உண்டு. இத்தொழிலில் பதினான்கு வயதில் முதுமை வந்தது.

சண்முகத்தின் நூலில் இப்பகுதி அன்போடு எழுதப்பட்டுள்ளது. அவ்வன்பின் மையம் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பகுதியின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, இளமையில் இரணியன், இராவணன், எமன் முதலிய வேடங்களில் நடித்துப் பின்னர் ஆசிரியரானவர் அவர். சண்முகத்துக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்னும் செய்தி தமிழ் நாடக வரலாற்றில் பெருவழக்காயிற்று. அச்செய்தியில் சுவாமிகளின் புலமை மட்டுமே பொதுவாகக் கவனிக்கப்படுகிறது. ஆறேழு வயதுச் சிறுவன் ஒருவனது ஆற்றலை மனத்திற்கொண்டு ஒரு நாடகம் எழுதப்பட்டது என்பது அதே அளவு கவனத்துக்குரியது. எந்தச் சுருதியில் பாடுவான், எவ்வளவு வசனம் தாங்குவான், எவ்வேடம் பொருந்தும் என்றெல்லாம் நடிகனின் உடலை அளந்தே அந்நாடகம் தைக்கப்பட்டிருக்கிறது.

சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சு நின்றது. பேச இயலாத ஆசிரியரைச் சபை தன்னுடன் ஊர் ஊராக அழைத்துச் சென்றது. சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13 அன்று அவர் மறைந்தார். அப்போது சண்முகத்துக்கு வயது பத்து. பாட்டும் வசனமும் கற்பித்த குரல் ஓய்ந்த பின்னர், அவர் எழுதிய பாடம் சிறுவர்களின் நினைவில் மட்டும் நின்றது. பிற்காலத்தில் சுவாமிகளைப் பற்றித் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்னும் நூலைச் சண்முகம் எழுதியதற்கு வித்து இங்கேயே உள்ளது.

சொந்தச் சபை

1925இல் திருவனந்தபுரத்தில் சகோதரர்கள் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். நிருவாகம் மூத்தவரான சங்கரனிடம். முத்துசாமி பெண் வேடம் புனைவதோடு நாடக ஆக்கத்திலும் ஈடுபட்டார். சண்முகமும் பகவதியும் நடிப்பில். ஒரு தொழிற்குழுவின் முழு அமைப்பும் ஒரே குடும்பத்துக்குள் அடங்கியது. நாகர்கோவிலையடுத்த ஒழுகினசேரியிலிருந்து என்.எஸ். கிருஷ்ணன் இச்சபைக்கு வந்தார், பின்னர் கே.ஆர். இராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம், ஏ.பி. நாகராஜன், எஸ்.எஸ். இராஜேந்திரன் ஆகியோரும் வெவ்வேறு காலங்களில் இங்குப் பயின்றனர். தமிழ்த் திரையுலகின் ஒரு தலைமுறை இச்சபையின் கம்பெனி வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்தது என்பது மிகையன்று.

இச்சபையின் போக்கில் ஏற்பட்ட பெருந்திருப்பம் எம். கந்தசாமி முதலியாரின் வருகை. திரைப்பட நடிகர் எம்.கே. இராதாவின் தந்தையான இவர், ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல்களை மேடைக்கு ஏற்றவர். ‘இராஜேந்திரா’, ‘இராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’ முதலிய நாடகங்களில் வழக்கறிஞரும் போலீஸ்காரரும் துப்பறிவோரும் வந்தனர். கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் கழற்றிவிட்டுக் கோட்டும் அங்கவஸ்திரமும் அணிந்தபோது, நடிகரின் நடையும் மாறவேண்டியதாயிற்று. பாட்டைச் சபையோரை நோக்கிப் பாடலாம். வசனத்தை எதிரில் நிற்பவரை நோக்கியே பேசவேண்டும். சுவாமிகளிடம் குரலைப் பயின்ற சண்முகம், முதலியாரிடம் பேச்சைப் பயின்றார். மகரக்கட்டைக் கடந்த வயதில் இம்மாற்றம் நேர்ந்தது தற்செயலே. ஆயினும் விளைவு பெரிது. பாட்டை மட்டுமே நம்பிய மேடையில் குரல் உடைந்த நடிகனுக்கு இடமில்லை. உரைநடை நாடகம் அவனுக்கும் ஓரிடம் அளித்தது. நடிகர் ஒருவர் வாழ்நாள் முழுதும் நடிகராகவே இருக்கலாம் என்னும் நிலை, இசையிலிருந்து பேச்சுக்கு மேடை நகர்ந்ததாலும் உருவாயிற்று. இந்தத் தொடர்பை நாடக வரலாற்று நூல்கள் போதிய அளவு எடுத்துக்கூறவில்லை.

தேசிய இயக்கத்துடன் சபை கொண்ட உறவைச் சு. தியடோர் பாஸ்கரன் முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இங்குச் சுருக்கமே போதும். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் எந்த நாடகத்தையும் தடுக்கும் அதிகாரத்தை ஆட்சிக்கு அளித்திருந்தது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ அவ்வாறு தடைக்குள்ளான ஒன்று. அதனைச் சபை 1931இல் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் மேடையேற்றியது. பாரதி பாடல்கள் மேடையில் ஒலித்தன, என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார். கூத்தாடிகள் என்று ஒதுக்கப்பட்டோருக்கு அரசியல் பொதுவெளியில் ஒரு பங்கு கிடைத்த தருணம் அது. சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையின் உறுப்பினர்கள் வழக்கறிஞர்களும் அலுவலர்களுமாக இருந்தனர். அவர்களுக்கு நாடகத்தால் மதிப்பு வரவேண்டியதில்லை. அவர்களது மதிப்பே நாடகத்துக்கு வந்தது. தொழில்முறைச் சபைக்கு அந்த வசதி இல்லை. அது தன் மதிப்பை மேடையிலிருந்தே ஈட்டவேண்டியிருந்தது.

பேசும்படம் வந்தபின் பல சபைகள் கலைந்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் திரைப்படத்துக்குச் சென்று மேடைக்குத் திரும்பியவர்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய ‘மேனகா’ 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாயிற்று. வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் கதையைத் தழுவிய ‘குமாஸ்தாவின் பெண்’ மேடையில் வெற்றிபெற்றபின் 1941இல் படமாயிற்று. படத்தில் ஈட்டியதை நாடகத்தில் இடும் வழக்கம் அக்காலத்தில் அரிது. சண்முகத்தின் வாழ்வில் அது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

ஸ்திரீ பார்ட்டும் அவ்வையும்

சண்முகத்தின் பெயருக்கு முன் நிலைத்த அடை ‘அவ்வை’. சென்னையில் இராயப்பேட்டை, கோபாலபுரம் வழிச் செல்லும் லாயிட்ஸ் சாலை இன்று அவ்வை சண்முகம் சாலை. ஆண் ஒருவரின் பெயரோடு மூதாட்டி ஒருவரின் பெயர் ஒட்டி நின்று, அது சாலைப் பெயர்ப் பலகையிலும் ஏறியிருக்கிறது. பழக்கத்தால் இதில் வியப்பு எழுவதில்லை. இவரது தந்தையின் தொழிலோடு சேர்த்துப் பார்க்கும்போது வியப்பு எழும்.

கண்ணுசாமிப் பிள்ளையின் காலத்தில் ஸ்திரீ பார்ட் நடிகர் மேடையின் தேவையாக இருந்தார்; சமூகத்தில் ஏளனத்துக்குரியவராக இருந்தார். பெண்கள் மேடையேறாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் குழு பெண்களாலேயே நடத்தப்பெற்றுப் பெரும்புகழ் ஈட்டியது. ஆயினும் அப்பெண்கள் வந்த சமூகப் பின்னணி காரணமாக, அவர்களது மேடை மதிப்புக்குரியதாகக் கொள்ளப்படவில்லை. பாலர் சபைகள் பெண்களை முற்றாக விலக்கின. விலக்கியதே தமது ஒழுக்கத்துக்குச் சான்று எனக் கொண்டன. அதன் விலையைப் பெண் வேடமிட்ட சிறுவர்கள் கொடுத்தனர். கூந்தல் வளர்ப்பதும், நடை பயில்வதும், வேடம் கலைந்த பின்னரும் அந்நடை ஒட்டிக்கொண்டு கேலிக்கு ஆளாவதும் அவர்கள் வாழ்வின் பகுதிகள்.

1940களில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. திரையில் நடிகையரைக் கண்டு பழகிய பார்வையாளர், மேடையில் ஆண் கதாநாயகியை ஏற்கத் தயங்கினர். டி.கே.எஸ். சபையிலும் எம்.எஸ். திரௌபதி போன்ற நடிகையர் இடம்பெற்றனர். 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் சண்முகத்துடன் நடித்தவரும் அவரே. இளம்பெண் வேடம் ஆண்களின் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1942இல், முப்பது வயதுச் சண்முகம் அவ்வையார் வேடம் ஏற்றார். நாடகத்தை எழுதியவர் பி. எதிராஜுலு.

அவ்வை வேடம் ஸ்திரீ பார்ட்டின் தொடர்ச்சியா, முடிவா? தொழில்நுட்பத்தில் தொடர்ச்சி என்பதே பொருந்தும். கூனும் நடுக்கமும் தள்ளாட்டமும் கொண்ட உடல்மொழி, பல் விழுந்த வாயின் பேச்சு, ஆண் குரலைப் பெண் குரலாக்காமல் முதுமைக் குரலாக்கிக்கொள்ளும் உத்தி ஆகியன பெண் வேட மரபில் வளர்ந்த மேடையொன்றிலேயே கைகூடும். பொருளிலோ அது வேறு திசையில் சென்றது. ஸ்திரீ பார்ட் கவர்ச்சியைச் சார்ந்து நின்றது. ஆளை மயக்குவதே அதன் வெற்றி. அவ்வையோ இளமையைத் தானே துறந்து முதுமையை வேண்டிப் பெற்றவர் என்பது கதை. மன்னர்க்கு அறிவுரை சொல்லும் வாக்கு அவருடையது. ஆண் நடிகர் ஒருவர் ஏளனத்துக்கு ஆளாகாமல் புனையக்கூடிய பெண் வேடம் ஒன்று உண்டெனில், அது இதுவே.

காலமும் துணை செய்தது. 1941இல் தொடங்கி வலுப்பெற்ற தமிழிசை இயக்கம், மேடையில் தமிழுக்கு முதன்மை கோரிக்கொண்டிருந்தது. தமிழையே தெய்வமாக்கிப் பேசும் உணர்வு பெருகிய சூழலில், தமிழின் மூதாட்டியாக மேடையில் நின்றவரைப் பார்வையாளர் நடிகராக மட்டும் பார்க்கவில்லை. சங்கப் பாடல்களின் ஔவையும் நீதிநூல்களின் ஔவையும் வெவ்வேறு காலத்தவர் என்பதை ஆய்வுலகம் அறியும்; நாடகம் மக்கள் வழங்கிய கதைகளின் அவ்வையை எடுத்துக்கொண்டது. தந்தையின் தொழிற்பெயர் ஏளனமாக இருக்க, மகனுக்கு அதே தொழிலின் ஒரு வேடம் பட்டமாயிற்று. எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’ படத்தில் (1953) கே.பி. சுந்தராம்பாள் அவ்வேடத்தை ஏற்ற பின்னரும், அடைமொழி சண்முகத்தை விட்டு நீங்கவில்லை.

1944இல் ஈரோட்டில் சகோதரர்களின் முயற்சியால் நாடகக் கலை வளர்ச்சிக்கென ஒரு மாநாடு கூட்டப்பெற்றது. புலவர்களையும் அரசியலாளரையும் நடிகர்களையும் ஒரே மேடையில் அமர்த்தியது அதன் சிறப்பு. நடிகர் புலவருக்கு அருகில் அமரும் உரிமையை அவ்வை வேடம் எளிதாக்கியிருந்தது என்று ஊகிக்க இடமுண்டு. சண்முகம் பிற்காலத்தில் ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகத்துடன் கொண்ட நெருக்கமும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணத்தக்கது. திராவிட இயக்கம் தன் நாடகங்களால் புராண மேடையைத் தாக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், சமயத்தையும் விடாமல் தமிழுணர்வையும் விடாமல் நின்ற ஒரு மேடை இவர்களுடையது.

கலைந்த பின்

1950இல் சபை கலைக்கப்பட்டது. கம்பெனி வீடு, ஆண்டு முழுதும் பயணம், உள்ளுறையும் நடிகர் என்னும் அமைப்பு முடிவுக்கு வந்தது. பின்னர்ச் சென்னையை மையமாகக் கொண்டு சகோதரர்கள் நாடகம் நடத்தியபோது அது வேறு வகையான குழு. நடிகர்கள் மாலையில் வந்து இரவில் வீடு திரும்பினர். அரு. இராமநாதன் எழுதிய ‘இராஜராஜ சோழன்’ 1955இல் மேடையேறிப் பெரும்புகழ் பெற்றது. பகவதி மன்னராக நடித்தார். சிறுவர்களுக்கான பயிற்சி முற்றிலும் மறையவில்லை என்பதற்குக் கமல்ஹாசன் சான்று. 1960களில் சிறுவராக இக்குழுவில் பயின்றவர் அவர். 1996இல் அவர் பெண் வேடமிட்டு நடித்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயரிட்டது, தம் ஆசானுக்கான வணக்கம்.

மதிப்புகள் பின்னர் வரிசையாக வந்தன. சங்கீத நாடக அகாதெமி விருது 1962இலும், பத்மஸ்ரீ 1971இலும் கிடைத்தன. சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் சண்முகம் இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை குறித்துச் சொற்பொழிவாற்றினார். பள்ளிப் படிப்பைக் கம்பெனி வீட்டில் இழந்த ஒருவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சண்முகம் தம் தொழிலுக்குத் தேடிய மதிப்பின் எல்லையும் இங்கே புலப்படுகிறது. சுவாமிகளின் நாடகங்கள் பாலர் சபைகளோடு அழிந்துவிடவில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் அவற்றை இன்றளவும் கோயில் திருவிழாக்களில் நடத்துகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள், ஒத்திகையின்றி, அன்றிரவே மேடையில் சந்தித்து ‘வள்ளி திருமணம்’ நடத்துவர். பாடம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் இது இயல்கிறது. சபை ஒழுங்கில் வளர்ந்தோரின் பார்வையில் ஸ்பெஷல் நாடகம் சீர்குலைவு; ஒத்திகையின்மை, மேடை வாதம், பபூனின் கொச்சை ஆகியன அதன் குறைகள். சூசன் சீஸர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அந்நடிகர்கள், குறிப்பாக நடிகையர், சுமக்கும் இழிவையும் அதனை எதிர்கொள்ளும் அவர்களது உத்திகளையும் விரிவாகக் காட்டியது. சபை நாடகம் மேலேறியபோது அதே ஆசிரியரின் பாடத்தை நம்பி வாழ்ந்த இன்னொரு கூட்டம் கீழேயே விடப்பட்டது. அதற்குச் சண்முகத்தைப் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. ஆனால் அவர் வகுத்த அளவுகோலையே நாடக வரலாற்றின் அளவுகோலாகக் கொண்டு, ஸ்பெஷல் நாடகத்தை நெடுங்காலம் புறக்கணித்த ஆய்வாளர்களுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

தன்வரலாற்றின் குரல்

‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் தலைப்பில் ‘எனது’ என்னும் சொல் இருந்தும், நூலில் தன்னைப் பற்றிய பேச்சு குறைவு. ஊர், கொட்டகை, நாடகம், வசூல், உடன் நடித்தோர் என்று அது ஒரு சபையின் நாட்குறிப்புப் போல நகர்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ நண்பர் குழாமின் உல்லாசத்தோடு பேசும்; சண்முகத்தின் நூலில் ஒரு குடும்பம் நடத்திய தொழிலின் கணக்கு நிற்கிறது. அதன் ஆய்வுப் பயனும் அக்கணக்கிலேயே உள்ளது. நடிகரின் நினைவுநூல் என்றால் பாராட்டுகளின் தொகுப்பு என்று எண்ணி அணுகுவோர், இதில் கடனும் நட்டமும் இத்துணை இடம்பெறுவதைக் கண்டு வியப்பர்.

ஆயினும் சிறுவர் உழைப்பைப் பற்றி எழுதும் இடங்களில் இரு குரல்கள் கேட்கின்றன. தாம் சிறுவனாக இருந்த சபையைப் பற்றிக் கூறும்போது, அச்சமும் களைப்பும் ஏக்கமும் வெளிப்படுகின்றன. கண்டிப்புக்கு நன்றியும் சொல்லப்படுகிறது. தம் குடும்பம் நடத்திய சபைக்கு வரும்போது, சிறுவர்கள் பெரும்பாலும் ‘சபையை விட்டுச் சென்றவர்’, ‘சபைக்குத் திரும்பியவர்’ என்னும் வாய்பாட்டுக்குள் வருகின்றனர். போனவர் ஏன் போனார் என்பதைப் போனவர் சொல்லக் கேட்கும் வாய்ப்பு அந்நூலில் அமையவில்லை. இது சண்முகத்தின் நேர்மைக் குறைவன்று. உரிமையாளரின் இருக்கையிலிருந்து பார்த்தால் வெளியேற்றம் ஓர் இழப்பாகத் தெரியும். வெளியேறியவனின் இடத்திலிருந்து பார்த்தால் அது வேறொன்றாகவும் தெரியலாம். என்.எஸ். கிருஷ்ணனும் இராஜேந்திரனும் சகஸ்ரநாமமும் பின்னாளில் புகழ்பெற்றமையால் அவர்கள் தரப்பும் வேறு வழிகளில் பதிவாகியுள்ளது. மகரக்கட்டில் குரலிழந்து ஊர் திரும்பிய சிறுவனின் தரப்பு எங்கும் இல்லை.

சண்முகம் 1973 பிப்ரவரி 15 அன்று காலமானார். ஆறு வாரங்களில், மார்ச் 31 அன்று, ‘இராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகச் சிவாஜி கணேசன் நடிப்பில் வெளிவந்தது. இயக்கியவர், ஒருகாலத்தில் டி.கே.எஸ். சபையில் பெண் வேடமிட்ட ஏ.பி. நாகராஜன். சென்னைத் தொலைக்காட்சி 1975இல் ஒளிபரப்பைத் தொடங்கி, மேடை நாடகங்களை வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறை மேடை நடிகர்களின் அசைவும் பேச்சும் அதனால் ஓரளவேனும் பதிவாயின. சண்முகத்துக்கு அந்த வாய்ப்பு இரண்டாண்டுகளில் தவறியது. அவரது மேடை நடிப்பைப் பற்றி இன்று கூறப்படுவன அனைத்தும் கண்டோர் சொல்லும், அவர் எழுதிய சொல்லுமே.

எனவே இத்துறையில் அடுத்த கட்ட ஆய்வு, நூலுக்கு வெளியே உள்ள ஆவணங்களை நாடவேண்டியுள்ளது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலிய இடங்களில் நாடகத் துண்டறிக்கைகள் பேணப்படுகின்றன. அக்காலத் துண்டறிக்கைகளில் சிறுவர் பெயருக்கு முன் ‘மாஸ்டர்’ என்னும் அடை இடுவது வழக்கம். ஒரே சபையின் அறிக்கைகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், எந்தப் பெயர் எந்த ஆண்டில் பெரிய எழுத்தில் தோன்றிற்று, எந்த ஆண்டில் சிறிய எழுத்துக்கு இறங்கிற்று, எப்போது மறைந்தது என்பதைக் கணக்கிட இயலும். மறைந்த பெயருக்குரியவனின் வயதைப் பள்ளிப் பதிவேடோ கோயில் ஏடோ சொல்லக்கூடும். அவ்வயது பதினான்கை ஒட்டியே அமைகிறதா என்பதை இன்னும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.